வயிற்றில் பிள்ளை, உடம்பில் காய்ச்சல்: வாசகர் கேள்வி – பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: பள்ளிப் பிள்ளைகள் கொண்டுவரும் இருமல் காய்ச்சல், வீட்டில் இருக்கும் பிள்ளைத்தாய்ச்சியையும் பச்சைக் குழந்தையையும் என்ன செய்யும்? மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டோம்.

கேள்வி: எனக்கு 24 வாரம். மூத்த மகனுக்குப் பள்ளியில் இன்ஃபுளுவென்சா தொற்றியது. நேற்று இரவிலிருந்து எனக்கும் 38.6 டிகிரி காய்ச்சல், உடம்பு முறிகிற வலி. பனடோல் போட்டால் பிள்ளைக்கு ஆட்டிசம் வருமாம், கைப்பேசியில் வந்த செய்தியைக் கணவர் காட்டுகிறார். மாத்திரை இல்லாமல் தாங்கிக்கொள்ளலாமா?

தாங்கிக்கொள்ளாதீர்கள், சகோதரி. கர்ப்பத்தில் 38 டிகிரியைத் தாண்டும் காய்ச்சல் தானே ஒரு கேடு. பிள்ளையின் முதுகுத்தண்டு மூடுகிற ஆரம்ப வாரங்களில் கடுங்காய்ச்சல் வந்தால் தண்டுவடக் குறைபாட்டுக்கு வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். இப்போதைய கவலை வேறு: தாயின் சூடு ஏறினால் பிள்ளையின் இதயத் துடிப்பும் கூடவே ஏறும், வியர்த்து நீர் வற்றினால் கருப்பை இறுகத் தொடங்கும்.

அந்தச் செய்தி 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் பேசியதிலிருந்து பரவியது. அதற்கு முந்தைய ஆண்டே சுவீடனில் ஏறக்குறைய 24 லட்சத்து 80 ஆயிரம் பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒரே தாய் ஒரு கர்ப்பத்தில் பாராசிட்டமால் (பனடோலில் உள்ள மருந்து இதுதான்) எடுத்து, மறு கர்ப்பத்தில் எடுக்காத குடும்பங்களில் உடன்பிறப்புகளை ஒப்பிட்டபோது ஆட்டிசத்தில் வேறுபாடு தெரியவில்லை. கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

அளவு: 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. 24 மணி நேரத்தில் எட்டு மாத்திரையைத் தாண்டக் கூடாது. எடை 50 கிலோவுக்குக் குறைவு என்றால் ஒரு வேளைக்கு ஒன்று போதும். தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்: கடையில் வாங்கும் சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கும். அதையும் பனடோலையும் சேர்த்து விழுங்கினால் ஈரலுக்கு இரட்டைச் சுமை. அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். மூக்கடைப்பைத் திறக்கும் மருந்து கலந்த மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும், அவை வேண்டவே வேண்டாம்.

வீட்டு அலமாரியில் மாதவிடாய் வலிக்காக வாங்கி வைத்த பொன்ஸ்தான் இருக்கும். ஐபுப்ரோஃபென், வோல்ட்டரன் இருக்கும். இந்த ரக வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள். 20 வாரத்துக்குப் பின் இவை பிள்ளையின் சிறுநீரகத்தைச் சோர்வாக்கிப் பனிக்குட நீரைக் குறைக்கும். ஏழாம் மாதத்துக்குப் பின் பிள்ளையின் இதயத்தருகே உள்ள ஒரு முக்கிய ரத்தக் குழாயை நேரத்துக்கு முன்பே மூடவைக்கும். ஆனால் ரத்த அழுத்தம் வராமலிருக்க கிளினிக்கில் குறைந்த அளவு அஸ்பிரின் கொடுத்திருந்தால், அதை இதோடு குழப்பிக்கொண்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது, கடிகாரம். இன்ஃபுளுவென்சாவுக்கு ஓசெல்டாமிவிர் என்ற மருந்து உண்டு. தாமிஃப்ளு என்றால் கிளினிக்கில் தெரியும். 75 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஐந்து நாள். கர்ப்பிணிக்குக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். உங்களுக்கு நேற்று இரவு தொடங்கியது, அதனால் இன்றே போங்கள். "திங்கட்கிழமை செக்கப் இருக்கிறதே, அப்போது சொல்லிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்கிறார்கள். மகனுக்கு உறுதியாகியிருப்பதை முதலில் சொல்லுங்கள். மூக்கில் குச்சி விட்டுப் பார்க்கும் உடனடிச் சோதனை சில நேரம் 'இல்லை' என்று தவறாகக் காட்டும். அறிகுறி பொருந்தினால் முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் மருந்தைத் தொடங்கலாம். சாப்பிட்டபின் போட்டால் குமட்டல் குறையும்.

காய்ச்சல் என்றாலே நம் வீடுகளில் ஹண்ட்ரட் பிளஸ் என்ற இனிப்புப் பானத்தை வாங்கி வந்துவிடுவார்கள். கர்ப்பத்தில் இனிப்பு நீர் இருப்பவர்கள் அதைக் குடம் குடமாகக் குடித்தால் சர்க்கரை ஏறிவிடும். கஞ்சித் தண்ணீர், ரசம், வெறும் தண்ணீர் போதும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இறங்கும்வரை குடியுங்கள்.

கேள்வி: தோட்டத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் டெங்கி என்கிறார்கள். எனக்கு 16 வாரம். ஃபுளுவா டெங்கியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டில் இருந்தபடி தெரிந்துகொள்ள முடியாது. மூக்கொழுகலும் இருமலும் ஃபுளு பக்கம் சாயும். கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பு வலி, வயிற்று வலி, ஈறில் ரத்தம் டெங்கி பக்கம் சாயும். ஆனால் இரண்டிலும் முதல் இரண்டு நாள் ஒரே மாதிரி இருக்கும். அதனால் நம் ஊரில் கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வந்தால் ரத்தம் எடுத்துப் பார்ப்பதுதான் முறை. டெங்கிக்கான என்.எஸ்.1 சோதனை முதல் ஐந்து நாளில் பிடிக்கும். டெங்கியில் ஆபத்து காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் வரும். 'சூடு விட்டுவிட்டது' என்று நிம்மதியாகும் நாளில்தான் பிளேட்லெட் சரியும், ரத்தம் கெட்டியாகும்.

கர்ப்பத்தில் ரத்தம் இயல்பாகவே நீர்த்திருக்கும். கெட்டியாகத் தொடங்கியதும் ரத்தத்தின் கெட்டியைக் காட்டும் எண்ணைப் பார்த்தால் சாதாரணம் போலத் தோன்றும். பழைய எண்ணோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். கிளினிக்கில் கொடுத்த உங்கள் பிங்க் புத்தகத்தில் (கர்ப்பகாலப் பதிவேட்டில்) முந்தைய ரத்த அளவுகள் இருக்கின்றன. அதை மறக்காமல் கையோடு கொண்டுபோகச் சொல்வது இதற்காகத்தான்.

செம்பனைக் காட்டிலோ சாக்கடையோரத்திலோ வேலை செய்தால் அதையும் சொல்லிவிடுங்கள். கெண்டைக்கால் வலியும் சிவந்த கண்ணும் சேர்ந்தால் எலிச் சிறுநீர்க் காய்ச்சலையும் நினைத்துப் பார்ப்பார்கள்.

கேள்வி: மனைவிக்கு 31 வாரம். கோவிட் உறுதியாகி நான்காம் நாள். விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவு 95 என்று காட்டுகிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஆனால் கர்ப்பிணிக்கு அது சகஜம் என்கிறார்கள். கிளினிக்கில் நெஞ்சு எக்ஸ்ரே என்றார்கள், பிள்ளைக்குக் கெடுதல் என்று வேண்டாமென்று வந்துவிட்டோம். கிருமி வயிற்றுப் பிள்ளைக்குப் போகுமா?

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறோம். இன்ஃபுளுவென்சாவோ கோவிடோ நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையைத் தொற்றுவது அபூர்வம். ரூபெல்லா போல உறுப்புகளைக் குலைக்கும் கிருமிகள் அல்ல இவை. பிள்ளைக்கு வரும் கேடு தாயின் உடம்பு வழியாக வருகிறது: தாயின் காய்ச்சல், தாயின் மூச்சுக் குறைவு, தாயின் ரத்தம் உறைதல். கோவிட் சிலருக்கு நஞ்சுக்கொடியையே கெடுத்து அதன் வேலையைக் குறைப்பதும் உண்டு. குறைமாதப் பிரசவமும், ரத்த அழுத்தத்தோடு சிறுநீரில் புரதம் போவதும் கோவிட் வந்த கர்ப்பிணிகளிடம் கூடுதலாகக் காணப்பட்டன. அமெரிக்க மருத்துவமனைப் பிரசவங்களில் 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரை கணக்கெடுத்தபோது, பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது கோவிட் இல்லாத தாய்மாரிடம் 0.64 விழுக்காடு, கோவிட் இருந்தவர்களிடம் 1.26 விழுக்காடு. பயப்படுத்தும் அளவு பெரிய எண் இல்லை, ஆனால் இரட்டிப்பு. அது தடுப்பூசி பரவலாவதற்கு முன்பும் டெல்டா வகை பரவிய காலத்திலும் எடுத்த கணக்கு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஏன் கர்ப்பிணிக்கு மட்டும் இவ்வளவு? வளரும் கருப்பை உதரவிதானத்தைச் சுமார் 4 சென்டிமீட்டர் மேலே தள்ளிவிடுகிறது. மூச்சு விட்டபின் நுரையீரலில் தங்கும் கையிருப்புக் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஆக்சிஜன் தேவையோ அதே அளவு கூடுகிறது. கையில் சேமிப்பு குறைந்து செலவு கூடிய வீட்டில் ஒரு மாதச் சம்பளம் நின்றால் எப்படியோ, அப்படித்தான் நிமோனியா வந்தால். 2009-இல் எச்1என்1 வகை ஃபுளு பரவியபோது அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் சுமார் 1 விழுக்காடு, அந்தக் காய்ச்சலில் இறந்தவர்களில் சுமார் 5 விழுக்காடு.

படியேறும்போது மூச்சு வாங்குவது சகஜம்தான். உட்கார்ந்திருக்கும்போது வாங்கினால், ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல் சொல்ல முடியாவிட்டால், அது சகஜமில்லை. அந்த 95-ஐயும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கருவி வெளிச்சத்தைத் தோல் வழியே அனுப்பி அளக்கிறது. நம்மைப் போலக் கருத்த தோலில் அது உண்மையான அளவைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது நிரூபணமான விஷயம். நகப்பூச்சைத் துடைத்து, கையைச் சூடாக்கி, ஒரு நிமிடம் அசையாமல் வைத்து, நின்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிக்கு 95 என்பது எல்லைக்கோடு. அதற்குக் கீழே இறங்கினால் உடனே போக வேண்டும். உங்கள் மனைவிக்கு எல்லைக்கோடும் மூச்சு வாங்கலும் சேர்ந்திருக்கின்றன, அதோடு எக்ஸ்ரே கேட்ட மருத்துவரும் இருக்கிறார். இன்றைக்கே திரும்பப் போங்கள்.

எக்ஸ்ரேக்கு அஞ்ச வேண்டாம். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் பிள்ளைக்குச் சேரும் கதிர்வீச்சு 0.01 மில்லிகிரேவைத் தாண்டாது. 50 மில்லிகிரேவுக்குக் கீழே பிள்ளைக்கு ஊனம் வந்ததாகச் சான்று இல்லை. ஐயாயிரம் மடங்கு இடைவெளி. நிமோனியாவைப் பார்க்காமல் விடுவதன் ஆபத்தை இதோடு எடைபோட்டுப் பாருங்கள்.

பிள்ளை அசைவைக் குறித்துவைக்கும் தாள் பிங்க் புத்தகத்தோடு கொடுத்திருப்பார்கள். காலை 9 மணிக்குத் தொடங்கி இரவு 9-க்குள் பத்து அசைவு வர வேண்டும். வழக்கமாக மதியத்துக்குள் பத்து முடிக்கும் பிள்ளை மாலைவரை நாலே அசைந்தால் ஒன்பது மணியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். காய்ச்சலில் அம்மா சோர்ந்து தூங்கிவிடுவதால் அசைவு தெரியாமல் போவதும் உண்டு. இடப்பக்கமாகப் படுக்கவைத்து, ஏதாவது சாப்பிடக் கொடுத்து, கவனமாக எண்ணச் சொல்லுங்கள். படுத்தே கிடப்பதால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பும் கூடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அதையும் சொல்லுங்கள்.

ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்புகிறோம் என்றால் தயங்காதீர்கள். ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான், ஆனால் ராத்திரி தோட்டத்து மண் சாலையிலிருந்து கிளம்புவதென்றால் அது நீளமான பயணம். பகல் வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள். மூச்சுத் திணறினால் சொந்த வண்டியைத் தேடாமல் 999-ஐ அழையுங்கள்.

கேள்வி: ஐந்தாம் மாதம். ஃபுளு ஊசி போட்டால் எனக்கே ஃபுளு வந்து பிள்ளையைப் பாதிக்காதா?

வராது. கர்ப்பிணிக்குப் போடும் ஊசியில் செத்த கிருமியின் துண்டுகள்தான். மூக்கில் தெளிக்கும் வகையில் உயிருள்ள கிருமி இருக்கிறது, அது மட்டும் உங்களுக்கு ஆகாது. கை வலியும் ஒரு நாள் உடம்புச் சூடும் வரலாம்.

ஊசி உங்களுக்கு மட்டுமல்ல. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஃபுளு ஊசி போட முடியாது. அந்த ஆறு மாதத்துக்கு அதற்குள்ள ஒரே கவசம் உங்கள் ரத்தத்திலிருந்து தொப்புள்கொடி வழியே போகும் எதிர்ப்புச் சத்து. வங்காளதேசத்தில் கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சோதனையில் உறுதியான ஃபுளு 63 விழுக்காடு குறைந்தது. எந்த மாதத்திலும் போடலாம், பலன் தர இரண்டு வாரம் ஆகும். நம் நாட்டில் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் ஃபுளு ஆண்டு முழுவதும் சுற்றுகிறது, அதனால் மாதம் பார்த்துக் காத்திருப்பதில் பொருளில்லை.

குழந்தைகளின் நெஞ்சைப் பிடிக்கும் ஆர்.எஸ்.வி. கிருமிக்கும் தாய்க்குப் போடும் ஊசி 2023-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒப்புதல் பெற்றது. பிறந்து முதல் 90 நாளில் கடுமையான நோயை அது 81.8 விழுக்காடு குறைத்தது. உலகச் சுகாதார நிறுவனம் 28 வாரத்துக்குப் பின் போடச் சொல்கிறது. அந்த வாரம் நெருங்கும்போது உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். எதிர்ப்புச் சத்து அதிகமாகக் கடப்பது கடைசி மூன்று மாதத்தில்தான். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் சளியில் முதலில் விழுவதற்கு ஒரு காரணம் இதுவே.

கேள்வி: பிள்ளை பிறந்து எட்டு நாள். எனக்கு ஃபுளு. பாலை நிறுத்திவிட்டு மாவுப்பால் கொடுக்கச் சொல்கிறார் மாமியார்.

நிறுத்தாதீர்கள். பால் வழியாக ஃபுளுவோ கோவிடோ போவதில்லை. போவது உங்கள் தும்மலும் கையும் வழியாக. மூன்றடுக்கு முகக்கவசம் போட்டு, கையைச் சோப்புப் போட்டு 20 வினாடி கழுவி, மார்பில் தும்மல் பட்டிருந்தால் துடைத்து, பால் கொடுங்கள். பால் குடித்து முடிந்ததும் தொட்டிலை உங்கள் படுக்கையிலிருந்து இரண்டு கை நீளம் தள்ளி வையுங்கள், தூங்கவைப்பதையும் துணி மாற்றுவதையும் நோயில்லாதவர் பார்க்கட்டும். குழந்தைக்கு முகக்கவசம் கட்டவே கூடாது, மூச்சு முட்டிவிடும். தாமிஃப்ளு எடுத்துக்கொண்டே பால் கொடுக்கலாம். வீட்டுக்கு வரும் மிஸ்ஸிக்கு (தாதிக்கு) உங்கள் காய்ச்சலை முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், அடுத்த வீட்டிலும் ஒரு பச்சைக் குழந்தையை அவர் தொட வேண்டியிருக்கும்.

பிரசவமாகி இரண்டு வாரம்வரை உங்களுக்கும் கர்ப்பிணிக்குரிய ஆபத்து நீடிக்கிறது. பிள்ளையைப் பார்க்கும் பரபரப்பில் உங்கள் மூச்சைக் கவனிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: பேரனுக்கு இருபது நாள். சளி பிடிக்காமலிருக்க மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, குளித்ததும் சாம்பிராணி காட்டுகிறேன். மகள் சண்டைக்கு வருகிறாள்.

அம்மா, இந்த ஒரு சண்டையில் நாங்கள் மகள் பக்கம். மூக்கில் விட்ட எண்ணெய் தொண்டை வழியே நுரையீரலில் இறங்கினால் அங்கேயே தங்கிவிடும், இருமி வெளியே தள்ள குழந்தையால் முடியாது. அதனால் வரும் நிமோனியா ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காது. சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திப் புகை, தாத்தாவின் சிகரெட் எல்லாம் குழந்தையின் மூச்சுக்குழாய்க்கு ஒன்றுதான். தலை காயத் துண்டு போதும். கோடாலித் தைலமும் கற்பூரம் கலந்த தைலமும் இரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம். தேன் ஒரு வயதுக்குப் பின். துணிப் பெட்டியில் அந்துருண்டை போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பிறந்தபோது ஜி6பிடி குறைபாடு (ரத்த அணுக்களைக் காக்கும் ஒரு நொதியின் குறை) என்று சொல்லியிருந்தால் அதன் வாடையே ரத்த அணுக்களை உடைத்துக் குழந்தையை மஞ்சளாக்கிவிடும்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை. உங்களுக்கே இருமல் இருக்கும் நாளில் மட்டும் வேறு யாராவது குளிப்பாட்டட்டும்.

கேள்வி: ஐந்து வாரக் குழந்தை. தாடிகாவுக்கு (பாலர் பள்ளிக்கு) போகும் அக்காவிடமிருந்து சளி தொற்றியது. மூக்கு அடைத்துப் பால் குடிக்கத் திணறுகிறான். நெபு (மருந்தை ஆவியாக்கி மூச்சில் இழுக்கவைக்கும் கருவி) வைக்கவும் ஆன்டிபயாட்டிக் கொடுக்கவும் கேட்டேன், மருத்துவர் இரண்டையும் மறுத்தார்.

மறுத்தது சரி. இப்படிப்பட்ட சளிக்குப் பல நேரம் காரணம் ஆர்.எஸ்.வி. கிருமி. பெரியவருக்கு அது வெறும் சளி, இந்த வயதில் அது மிகச் சிறிய மூச்சுக்குழாய்களை வீங்கவைத்துக் கோழையால் அடைக்கிறது. ஆஸ்துமாவில் நடப்பது தசை இறுக்கம், நெபு மருந்து தளர்த்துவது அதைத்தான். இங்கே அடைத்திருப்பது வீக்கமும் கோழையும் என்பதால் நெபுவுக்கு வேலையில்லை. வைரஸ் மேல் ஆன்டிபயாட்டிக்கும் பாயாது.

குழந்தை மூக்கால் மட்டுமே மூச்சு விடப் பழகியது. ஆகவே மூக்கைத் திறப்பதுதான் வைத்தியம். மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு, ஒரு நிமிடம் விட்டு, தேவைப்பட்டால் மென்மையாக உறிஞ்சி எடுத்து, அதன்பின் பால். வீட்டில் உப்புக் கரைத்து விடாதீர்கள், அளவு பிசகும். ஒரே மூச்சில் வயிறு நிரப்பாமல், பாதி அளவு, இரண்டு மடங்கு தடவை. நோய் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை ஏறித்தான் இறங்கும். இரண்டாம் நாள் மருத்துவரைப் பார்த்துவிட்டோம் என்று நான்காம் நாள் அசட்டையாக இருக்காதீர்கள். இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கும்.

தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகிவிடும், பச்சைக் குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். மறுபடியும் அப்படியே இருந்தால் கிளம்புங்கள். விலா எலும்புக்குக் கீழே சதை உள்ளே குழிவது, மூக்கு விரிவது, மூச்சு விடும்போது முனகுவது, உதடு நீலிப்பது, வழக்கத்தில் பாதிகூடப் பால் குடிக்காதது, ஆறு ஏழு முறை நனையும் டயபர் இரண்டு மூன்றாகக் குறைவது, எழுப்பினாலும் எழாமல் துவள்வது: இவற்றில் ஒன்று போதும்.

இந்த வயதில் ஆர்.எஸ்.வி. சில நேரம் இருமலே இல்லாமல் வரும். குழந்தை சில வினாடி மூச்சை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கும். குறைமாதக் குழந்தைக்கு இது அதிகம். அப்படி ஒரு முறை பார்த்துவிட்டால், அடுத்த நிமிடம் சிரித்து விளையாடினாலும் மருத்துவமனைதான்.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி வந்தால் பனடோல் சொட்டு கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. மருந்து சூட்டைக் குறைத்துவிடும், உள்ளே ரத்தத்திலோ மூளைச்சவ்விலோ பாக்டீரியா இருந்தால் அது மறைந்து நிற்கும். மாறாக உடம்பு சில்லென்று 36-க்குக் கீழே போனாலும் அதே அவசரம். புறப்படும்போது குழந்தையின் கிளினிக் புத்தகம், கடைசியாகப் பால் குடித்த நேரம், எண்ணிய மூச்சு, எடுத்த சூடு ஆகிய மூன்றையும் எழுதிய துண்டுச் சீட்டு, நாலைந்து டயபர். வழியில் பசிக்கு அழுதால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பால் கொடுங்கள். ஓடும் காரில் மூக்கடைத்த குழந்தைக்குப் பால் புரையேறும்.